வீராசாமி வீட்டில் இறக்கி வைத்த மோட்டார்

பூந்தமல்லிக்கு மேற்கே, செம்பரம்பாக்கம் ஏரியில் வீராசாமி லஸ்கர் வேலைக்குச் சேர்ந்தபோது அவனுக்கு இருபது வயது. லஸ்கர் என்றதும் பெரிய உத்தியோகம் என்று எண்ணிவிட வேண்டாம். மதகைத் திறக்க வேண்டும், மூட வேண்டும். தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று அளவுக்கல்லைப் பார்த்து வந்து சொல்ல வேண்டும். கரையில் எலி வளையோ நண்டு வளையோ கண்டால் மண்ணைக் குழைத்து அடைக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அதற்கு ஒரு காக்கிச் சட்டையும் பித்தளை வில்லையும் உண்டு, மாதம் பிறந்தால் சம்பளம் உண்டு. அவனுடைய அப்பன் ஆயுசு முழுக்க அடுத்தவன் கழனியில் கால் ஊறி நின்ற மனிதன். அதனால் வீராசாமி அந்த வில்லையைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தான். நாலைந்து வருஷத்தில் அதிலிருந்த எழுத்துகள் பாதி மழுங்கிவிட்டன.

யுத்தம் வருவதற்கு மூன்று வருஷம் முன்னால் ஏரிக்கு ஒரு படகு வந்தது. கரையைச் சுற்றிப் பார்ப்பதற்காக வெள்ளைக்காரத் துரை வாங்கிப் போட்டது. அதன் பின்பலகையை இரண்டு திருகுகளால் கவ்விக்கொண்டு ஒரு மோட்டார் நின்றது. கயிற்றைச் சுற்றி வெடுக்கென்று இழுத்தால் படபடவென்று அடித்துக்கொண்டு, துடுப்பும் இல்லாமல் பாயும் இல்லாமல் படகைத் தள்ளிக்கொண்டு போகும். அதை ஓட்ட யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது, கிட்டே போய்த் தொட்டுப் பார்க்கத் துணிந்தவன் வீராசாமி ஒருவன்தான். பட்டணத்திலிருந்து வந்த ஃபிட்டர் இரண்டு நாள் கூட இருந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனான். அப்புறம் ‘மோட்டார் வீராசாமி’ என்றால்தான் ஊருக்குத் தெரியும். அவன் பெண்சாதி எல்லம்மாவையும் மோட்டார்காரன் பொண்டாட்டி என்றே கூப்பிட்டார்கள். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். அந்தப் பட்டம் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

ஒரே பெண் ராணியை ஐயப்பன்தாங்கலில் கட்டிக் கொடுத்தாயிற்று. புருஷனும் பெண்சாதியும் கரையின் அடிவாரத்தில், மண்சுவரும் ஓலைக்கூரையுமான ஒரு வீட்டில் இருந்தார்கள். பின்பக்கம் மட்டும் சுவர் எழுப்பாமல் ஓலைத் தட்டி கட்டிச் சமையலுக்கு விட்டிருந்தார்கள். பக்கத்து வீடு நாகம்மாளுடையது. நாகம்மாளின் ஆடு எல்லம்மாவின் அவரைக்கொடியை அடியோடு மேய்ந்ததில் இருவருக்கும் பேச்சு நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது.

நாற்பத்து மூன்றாம் வருஷம் சித்திரையில் படகு கசிய ஆரம்பித்தது. ஏரியும் வற்றி ஓரங்களில் சேறு வெடித்துக் கிடந்தது. படகைக் கரையேற்றி, தச்சன் தங்கவேல் அடிப்பலகையில் உளியால் ஒரு குத்து குத்தினான். உளி கருணைக்கிழங்கில் இறங்குவதுபோல் இறங்கிற்று.

“அண்ணாத்தே, அடீல மூணு பலக போச்சு. பின்பலகையும் செல்லரிச்சுக் கீது. மோட்டாரக் கழட்டு. அத்த வெச்சிகினு நான் உளியத் தொட முடியாது” என்றான்.

ஓவர்சியர் வீரராகவன் சைக்கிளில் வந்து சேர்ந்தார். வழக்கமாக இந்த மாதிரிச் சாமான்களை மதகடிக் கொட்டகையில் வைப்பார்கள். அந்த வருஷம் பட்டாளத்துக்காரர்கள் அங்கே மூட்டை மூட்டையாக எதையோ அடுக்கிப் பூட்டிவிட்டிருந்தார்கள். ஓவர்சியர் கொட்டகைப் பூட்டைப் பார்த்தார், கரையடியில் இருந்த வீட்டைப் பார்த்தார்.

“உன் வீட்டுலயே வெச்சுக்கோ. ஆனா கேட்டுக்கோ வீராசாமி. இது சீமைச் சாமான். கப்பலெல்லாம் சண்டைல மாட்டியிருக்கு. ஒரு திருகாணி தொலைஞ்சாக்கூட இன்னொண்ணு வராது. ஏதாவது ஆச்சுன்னா உன் வேலை மட்டும் போகாது, உன்னைப் பிடிச்சு உள்ளே வெச்சுடுவான். இது யுத்த காலம். புரியுதா?”

“புரியுது எஜமான்.”

மோட்டாரைக் கழற்றுவது அவனுக்குக் கைப்பழக்கம். முதலில் எண்ணெய்க் குழாயை அடைத்தான். இரண்டு பக்கத் திருகுகளையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினான். தங்கவேல் ஒரு பக்கம் பிடிக்க, இரண்டு பேருமாகத் தூக்கி இறக்கினார்கள். அரை மூட்டை நெல்லுக்கு மேலேயே கனம் இருக்கும். தலை மேலே, தண்ணீரைத் தள்ளும் விசிறி கீழே. எந்த நேரத்திலும் படுக்கப் போடக் கூடாது, போட்டால் குழாயில் நிற்கும் தண்ணீர் தலைக்குள் இறங்கித் துருவேறிவிடும் என்று ஃபிட்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். தங்கவேல் முக்காலி மாதிரி ஒரு மரச்சட்டம் அடித்துக் கொடுத்தான். தலையில் இருந்த டாங்கியில் பெட்ரோல் மிச்சமிருந்தது.

“கீழ ஊத்திடாதே!” என்று ஓவர்சியர் பதறினார். “ரேஷன் பெட்ரோல். புட்டியில பிடிச்சு வை. நாளைக்கே ஆள் அனுப்பறேன்.”

வீராசாமி ஒரு காலி பிராந்திப் புட்டியில் அதைப் பிடித்து, துணித் தக்கை வைத்து அடைத்து, சமையல் பக்கத்துக் கூரை ஓலையில் செருகினான். ஓவர்சியர் அனுப்புவதாகச் சொன்ன ஆள் மறுநாள் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. அப்படி ஒரு புட்டி இருப்பதையே பிறகு எல்லோரும் மறந்துபோனார்கள்.

பதினைந்து நாள் வேலை என்று ஆரம்பித்தது இரண்டு மாதம் இழுத்தது. மரம் கிடைக்கவில்லை. கிடைத்த மரமெல்லாம் ஆவடிக்குப் பட்டாளக் கொட்டகை கட்டப் போய்க்கொண்டிருந்தது. அதுவரை மோட்டார் வீராசாமி வீட்டு வாசற்படிக்கு உள்புறம், சாக்கு போர்த்தி நின்றது. காலையில் எழுந்தால் அதைத்தான் முதலில் பார்ப்பான். துணியில் எண்ணெய் தொட்டுத் துடைப்பான். திருகுகளை எண்ணுவான். மதகுக்குப் போன மனிதன் பாதி வழியில் திரும்பி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவான். வெளியூர்க் கல்யாணம் ஒன்றுக்கும் போகவில்லை.

“இன்னாய்யா, சம்பந்தி ஊட்லேந்து வந்தவங்களுக்குக் கூட இம்மா உபசாரம் இல்ல” என்று எல்லம்மா சிரித்தாள்.

“சிரிக்காத மே. அதுக்கு ஒண்ணுன்னா நான் காலி. தொடாத, கிட்ட போவாத, தொடப்பம் கூட அந்தப் பக்கம் படக் கூடாது.”

இந்த எச்சரிக்கையை அவன் அவளிடம் நூறு தடவை சொல்லியிருப்பான். கூரையில் செருகிய புட்டியைப் பற்றி ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அது கிருஷ்ணாயிலுக்கும் ரேஷன் இருந்த காலம். கடைக்காரன் கையை விரித்து இருபது நாள் ஆகியிருந்தது. பொழுது சாய்ந்தால் அடுப்பு வெளிச்சத்தில் தின்றுவிட்டுப் படுப்பதுதான் கரையடி வீடுகளில் வழக்கமாகிவிட்டது. ஆனி மாதம் முதல் வாரத்தில் ஒரு நாள், கூரையிலிருந்து அரிவாளை எடுக்கக் கைவிட்ட எல்லம்மாவின் கையில் புட்டி தட்டுப்பட்டது. தக்கையை எடுத்து முகர்ந்தாள். கிருஷ்ணாயில் வாசனை போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. தனக்குத் தெரியாமல் புருஷன் எங்கிருந்தோ வாங்கிப் பத்திரப்படுத்தியிருக்கிறான் என்று அவளுக்குச் சந்தோஷம். விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டிருந்தது. சின்னத் தகர விளக்கில் ஊற்றினாள். கொஞ்சம் கையில் வழிந்தது. புடவையில் துடைத்துக்கொண்டு நெருப்புக்குச்சியைக் கிழித்தாள்.

வீராசாமி அப்போது மதகைப் பார்த்துவிட்டுக் கரைமேல் வந்துகொண்டிருந்தான். அன்றைக்குத்தான் ஒருவழியாகப் பலகைகள் வந்து இறங்கியிருந்தன. தங்கவேல் மாட்டுவண்டியை நிறுத்தி இறக்கிக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் புகையைப் பார்த்தார்கள். வீராசாமி ஓடினான். கரைச் சரிவில் உருண்டு விழுந்து எழுந்து ஓடினான். சமையல் பக்கத்துக் கூரை பிடித்து எரிந்துகொண்டிருந்தது. தீ முன்பக்கத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது. வாசலுக்குள் புகுந்தான்.

அதற்கப்புறம் நடந்ததை அவன் தன் வாழ்நாளில் எத்தனையோ தடவை நினைத்து நினைத்துப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் அது வேறு யாரோ செய்த காரியமாகவே இருந்தது.

உள்ளே போனதும் குனிந்தான். மோட்டாரை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தூக்கினான். இரண்டு பேர் தூக்குகிற பாரம் அது. அன்றைக்கு அவனுக்குக் கனமே தெரியவில்லை. வெளியே வந்தான். பத்தடி தள்ளி, தீப்பொறி விழாத இடமாகப் பார்த்து, தலை மேலே விசிறி கீழே இருக்கும்படி வேலமரத்தில் சாய்த்து நிறுத்தினான். சரிந்துவிடுமோ என்று அடியில் ஒரு கல்லை அண்டக் கொடுத்தான். அதன் தலையில் பட்டிருந்த சாம்பலைக் கையால் துடைத்துவிட்டான்.

துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் நாகம்மாளின் குரல் கேட்டது.

“அடப்பாவி! எல்லம்மா உள்ள கீறாடா! எல்லம்மா உள்ள கீறா!”

அவன் திரும்பிப் பார்த்தான். நாகம்மாள் வீட்டின் பின்பக்கம், எரிகிற ஓலைத் தட்டியை வெறும் கையால் பிய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் பிய்ந்து விழுந்தது. அவள் உள்ளே பாதி உடம்பை நுழைத்து, எதையோ பிடித்துப் பின்னுக்கு இழுத்தாள். வந்தது எல்லம்மா. எரிந்த புடவையை உருவி எறிந்துவிட்டு, தண்ணீர்ப் பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மூலையில் குந்தியிருந்தவளை, தலைமயிரைப் பற்றித்தான் இழுக்க முடிந்தது என்று நாகம்மாள் பிற்பாடு சொன்னாள். நாகம்மாள் தன் முந்தானையை அவிழ்த்து அவள்மேல் போர்த்தினாள். அதே நேரத்தில் கூரை உட்கார்ந்தது.

வீராசாமி நின்ற இடத்திலேயே நின்றான். கை இன்னும் மோட்டார் தலையின்மேல் இருந்தது. அதை எடுக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. தங்கவேல் வந்து தோளைப் பிடித்து உலுக்கினான்.

“அண்ணாத்தே! இன்னா நிக்கிற? வண்டில தூக்கு அவள!”

பலகை இறக்கிய வண்டியிலேயே அவளைப் பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்திருந்தன. கழுத்தின் இடது பக்கமும் காதும் தீய்ந்து போயிருந்தன. வழி நெடுக நாகம்மாள் அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வீராசாமி வண்டிக்குப் பின்னால் நடந்தான். ஏறி உட்காரச் சொன்னதற்கு மாட்டேன் என்று தலையாட்டினான். தீயில் அவனுக்கு ஒரு கொப்புளம்கூட இல்லை. கரைச்சரிவில் விழுந்ததில் முழங்கால் மட்டும் தேய்ந்திருந்தது.

“உள்ள கீறான்னு தெரியாதா ஒனக்கு?” என்று தங்கவேல் ஒரு தடவை கேட்டான்.

வீராசாமி யோசித்தான். விளக்கு வைக்கும் நேரத்தில் பெண்சாதி வீட்டில் இல்லாமல் வேறு எங்கே இருப்பாள்? தெரியாதென்று எப்படிச் சொல்வது? தெரியும் என்றும் சொல்ல வாய் வரவில்லை. “தெரில” என்றான். எதைத் தெரியவில்லை என்றான் என்று தங்கவேலுக்குப் புரியவில்லை.

நாலாம் நாள் துரையும் ஓவர்சியரும் வந்தார்கள். வீராசாமியை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வர ஆள் அனுப்பியிருந்தார்கள். வீடு இருந்த இடத்தில் கறுத்த சுவர்கள் நின்றன. மோட்டார், அதே வேலமரத்தடியில், புதுச் சாக்கு போர்த்தி இருந்தது. துரை சாக்கை நீக்கிப் பார்த்தார், கயிற்றை மெதுவாக இழுத்துச் சக்கரம் சுழல்கிறதா என்று பார்த்தார், நிமிர்ந்து வீராசாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இங்கிலீஷில் என்னவோ சொன்னார்.

“வீடு எரியறப்ப சர்க்கார் சாமானைக் காப்பாத்தினே. இந்த மாதிரி விசுவாசமான ஆளைத் தான் பார்த்ததில்லைன்னு துரை சொல்றார்” என்றார் ஓவர்சியர். அவர் முகம் பூரித்திருந்தது. “உனக்கு நற்சாட்சிப் பத்திரம் எழுதித் தரப்போறார். கும்பிடு.”

வீராசாமி கும்பிடவில்லை.

“எஜமான், எம் பொண்டாட்டி உள்ள இருந்தா. அவள உட்டுட்டுதான் இத்தத் தூக்கியாந்தேன். அத்த தொரைக்கிட்ட சொல்லுங்க.”

ஓவர்சியர் ஒரு கணம் அவனைப் பார்த்தார். பிறகு துரையின் பக்கம் திரும்பி நாலைந்து வார்த்தை பேசினார். வீராசாமிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் ஒரு சொல் தெரியும். போன வருஷம் துரைசானியைப் படகில் ஏற்றிக்கொண்டு போனபோது ‘வொய்ஃப், வொய்ஃப்’ என்று துரையே தம் மார்பைத் தொட்டு, அந்தம்மாவைக் காட்டிச் சொல்லியிருந்தார். அந்தச் சொல் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். வரவில்லை. துரை சிரித்துக்கொண்டே அவன் தோளைத் தட்டினார்.

துரை வைதிருந்தால் தாங்கியிருப்பான். அடித்திருந்தாலும் தாங்கியிருப்பான்.

பத்திரம் இரண்டு வாரத்தில் வந்தது. நாலாக மடித்து ஓவர்சியர் மேஜைமேலேயே வைத்துவிட்டு வந்தான். அதற்குள் படகு தயாராகிவிட்டது. தார் பூசி, பொருத்தெல்லாம் பஞ்சு அடைத்து, பின்பலகை புதிதாகப் போட்டிருந்தது. மோட்டாரை மாட்ட அவனைத் தவிர யாருக்கும் தெரியாது. மாட்டினான். மூன்றாவது இழுப்பில் கிளம்பிவிட்டது. ஒரு பழுதும் இல்லை. ஏரி நடுவில் துரை கரையைப் பார்த்து ஏதோ எழுதிக்கொண்டிருக்க, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த வீராசாமி படகின் ஓரத்தில் தலையை நீட்டி வாந்தியெடுத்தான்.

எல்லம்மா புரட்டாசியில் ஊர் திரும்பினாள். விரல்கள் உள்ளுக்கு மடங்கி ஒட்டியிருந்தன. குவளையைப் பிடிக்க முடியும், சோற்றைப் பிசைய முடியாது. ராணி தன்னோடு ஐயப்பன்தாங்கலுக்கு வரச்சொல்லி அழுதாள். “எம் ஊட்ட உட்டு எங்க வர்றது” என்றாள் எல்லம்மா. அதே சுவர்கள்மேல் தங்கவேல் கூரை போட்டுக் கொடுத்திருந்தான். பின்பக்கம் தட்டிக்குப் பதில் மண்சுவரும், அதில் ஒரு கதவும் வைத்தான்.

வீராசாமி சமைத்தான். அவளுக்கு ஊட்டினான், குளிப்பாட்டினான், புடவை கட்டிவிட்டான். தலைவாரிப் பின்ன மட்டும் அவனுக்கு வரவில்லை. அதை நாகம்மாள் செய்தாள். ஆட்டைப் பற்றி இருவரும் பிறகு பேசவேயில்லை. எல்லம்மா புருஷனிடம் முன்போலவே பேசினாள், சமையல் உப்புக்கரித்தால் திட்டினாள். தீயைப் பற்றி அவளும் எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை. அவன் மோட்டாரைத் தூக்கியது அவளுக்குத் தெரியாது என்றே அவன் நம்பியிருந்தான். யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்து செத்துக்கொண்டிருந்தான். கடைசியில் அவனால் பொறுக்க முடியவில்லை. தை மாதத்தில் ஒரு நாள் காலை, அவளுக்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்டிக்கொண்டிருக்கும்போது, கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

“எல்லம்மா, அன்னிக்கி நானு...”

“தெரியும்யா” என்றாள் அவள்.

“யார் சொன்னா? நாகம்மாவா?”

“யாரும் சொல்லல. நான் பாத்தேன். நீ வாசப்படில உள்ள வந்தே. எனக்கும் ஒனக்கும் நடுவுல நெருப்பு. வந்துட்டான், எனக்காவத்தான் வந்துட்டான்னு நெனச்சேன். குனிஞ்சே. தூக்கினே. போயிட்டே.”

“ஒரு கொரல் குடுத்திருக்கலாமே நீ...”

“கத்தினேன்யா. ஒம் பேரச் சொல்லியே கத்தினேன். பொம்பள புருசன் பேரச் சொல்லலாமான்னு அப்பகூட ஒரு நெனப்பு வந்துச்சு. சொன்னேன்.”

வீராசாமிக்கு அந்தக் குரல் காதில் விழவேயில்லை. சத்தியமாக விழவில்லை. இத்தனை மாதமும் அந்த நேரத்தை ஜபமாலை மணிபோல உருட்டிப் பார்த்திருக்கிறான். அதில் ஓலை வெடிக்கிற சத்தம் இருந்தது, தன் மூச்சு இரைக்கிற சத்தம் இருந்தது, அவள் குரல் எங்கேயும் இல்லை. நாலடி தூரத்தில் நின்று பெண்சாதி தன் பேரைச் சொல்லிக் கூவியிருக்கிறாள். மோட்டாரின் திருகு ஒன்று தரையில் விழுந்திருந்தால் அன்றைக்கு அவனுக்குக் கேட்டிருக்கும்.

“எனக்குக் கேக்கல, எல்லம்மா” என்றான். இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டான். அவள் தன் மடங்கிய கையால் அவன் கையைத் தள்ளிவிட்டாள்.

“கேட்டிருந்தா வந்திருப்பே. அது எனக்குத் தெரியும். கேக்கலன்றதுதான்...” என்றவள் நிறுத்திக்கொண்டாள். கிண்ணத்தை முழங்கையால் அவன் பக்கம் நகர்த்தி, “கூழு ஆறிப்போவுது” என்றாள்.

அடுத்த கோடையில் படகைத் தார் பூசக் கரையேற்றினார்கள். கொட்டகையில் பட்டாளத்து மூட்டைகள் இன்னும் இருந்தன. ஓவர்சியர் சைக்கிளை விட்டு இறங்காமலே, “மோட்டாரைக் கழட்டிப் போன வருஷம் மாதிரியே உன் வீட்டுல வெச்சுக்கோ. உன்னைவிட நம்பிக்கையான ஆள் கிடையாது” என்றார்.

“எம் ஊட்ல வெக்க மாட்டேன் எஜமான்” என்றான் வீராசாமி.

இருபது வருஷத்தில் அவன் வாயிலிருந்து ஓவர்சியர் கேட்ட முதல் ‘மாட்டேன்’ அது. அவர் சைக்கிளை விட்டு இறங்கினார். “என்ன சொன்னே?”

“கழட்டித் தரேன். எங்க வேணா வெச்சுக்குங்க. ஆபீஸ்ல வெய்யுங்க, ஒங்க ஊட்ல வெய்யுங்க. எம் ஊட்ல வெக்க மாட்டேன். வேல போனாலும் சரி.”

வேலை போகவில்லை. ஓவர்சியர் சத்தம் போட்டார், மேலே எழுதுவேன் என்றார். கடைசியில் மோட்டாரைச் சைக்கிள் ரிக்‌ஷா ஒன்றில் ஏற்றிப் பூந்தமல்லிக்குக் கொண்டுபோய்த் தம் அறையிலேயே நிறுத்திக்கொண்டார். அந்தக் கோடை முடிந்ததும் படகை ஓட்ட வேறொரு ஆளைப் போட்டார்கள். சம்பத் என்று பேர், அம்பத்தூர்ப் பக்கம். வீராசாமி அவனுக்கு இரண்டு நாளில் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தான். பெட்ரோலைப் பற்றி மட்டும் மூன்றாவது நாளும் சொன்னான். பிறகு பழையபடி மதகையும் எலி வளைகளையும் பார்த்துக்கொண்டு கரைமேல் நடந்தான்.

‘மாட்டேன்’ என்று சொல்லிவிட்டு வந்த அன்று மத்தியானம் எல்லம்மா பின்கதவோரம் உட்கார்ந்திருந்தாள். நாகம்மாள் அவளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். வீராசாமி நடந்ததைச் சொன்னான்.

“வேல கீதா, போச்சா?” என்றாள் எல்லம்மா.

“கீது. மோட்டார்தான் போவும்னு நெனக்கிறேன்.”

நாகம்மாள் கை வேலையை நிறுத்தி எல்லம்மாவின் முகத்தைப் பார்த்தாள். எல்லம்மா ஏரிப் பக்கம் பார்த்தாள். பிறகு, “சட்டையக் கழட்டிட்டு வா. அரிசி ஊறிகினு கீது” என்றாள்.

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அடுப்படிக்குப் போனான்.